ஞாபகம் யாருடைய வேலை? மாக்ஸ் ஓபுல்ஸின் ‘முகமறியாப் பெண்ணின் கடிதம்’

படம் முடிந்து விளக்கு போட்டதும் பொதுவாக இரண்டு குரல்கள் கேட்கும். “என்ன ஒரு காதல்!” என்று ஒன்று. “இதெல்லாம் பொம்பளைங்கள அடிமையாவே வெச்சிருக்கறதுக்கு எடுத்த படம்” என்று இன்னொன்று. மாக்ஸ் ஓபுல்ஸ் ஹாலிவுட்டில் எடுத்து 1948இல் வெளியான ‘முகமறியாப் பெண்ணின் கடிதம்’ பற்றித்தான் சொல்கிறேன். ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும் இந்த இரண்டு குரல்களும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசுகின்றன. படம் லிசா என்ற பெண்ணின் பக்தியைப் பற்றியது, அந்தப் பக்தியைக் கும்பிடுவதா கண்டிப்பதா என்பதுதான் கேள்வி என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டுவிடுகின்றன. நாம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். இந்தப் படத்தில் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், யார் மறக்கிறார்கள்? மறந்துபோவதற்கான வசதி யாருக்கு வாய்த்திருக்கிறது?

1

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1900ஆம் ஆண்டையொட்டிய வியன்னா. மழை பெய்யும் இரவு. ஸ்டெஃபான் பிராண்ட் என்ற பியானோ கலைஞன் வீடு திரும்புகிறான். ஒரு காலத்தில் பேர்வாங்கியவன், இப்போது வாசிப்பதையே விட்டுவிட்டவன். விடியற்காலை ஒருவனோடு துப்பாக்கிச் சண்டை போட்டாக வேண்டும். அவனுக்கோ சண்டைக்குப் போகும் எண்ணமே இல்லை. கௌரவம் என்பதெல்லாம் கனவான்களுக்குக் கட்டுப்படியாகிற ஆடம்பரம் என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டச் சொல்கிறான். வாய் பேச முடியாத வேலைக்காரர் ஜான் அவனிடம் ஒரு கடிதத்தைத் தருகிறார். இதை நீங்கள் படிக்கும்போது நான் செத்திருக்கக்கூடும் என்று கடிதம் ஆரம்பிக்கிறது. படத்தின் பெரும்பகுதி இந்தக் கடிதம்தான்.

எழுதியவள் லிசா பெர்ன்ட்லே. ஸ்டெஃபான் குடிவந்த கட்டடத்திலேயே வசித்த சிறுமி. அவன் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே மனசைப் பறிகொடுத்தவள். விதவைத் தாய் மறுமணம் செய்துகொண்டு லின்ஸ் நகரத்துக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே ஒரு ராணுவ அதிகாரி பெண் கேட்கிறான். எனக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது, அவர் வியன்னாவில் இசைக்கலைஞர் என்று வாய்கூசாமல் சொல்லிவிடுகிறாள். பிறகு வியன்னா திரும்பி, ஒரு துணிக்கடையில் சீமாட்டிகளுக்கு உடைகளை உடுத்திக்காட்டும் வேலை பார்க்கிறாள். மாலையானால் அவன் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறாள். ஒருநாள் அவன் அவளைப் பார்க்கிறான். ஒரே ஓர் இரவு. மறுநாள், மிலான் நகரத்தில் கச்சேரி இருக்கிறது, இரண்டே வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று ரயிலேறுகிறான். போனவன் போனவன்தான். அவள் பிள்ளை பெறுகிறாள். தகப்பன் யாரென்று சொல்ல மறுக்கிறாள். வருஷங்கள் கழித்து, எல்லாம் தெரிந்தே அவளை ஏற்றுக்கொண்ட ஸ்டௌஃபர் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிள்ளைக்கு ஒன்பது வயதாகும்போது, இசை நாடக அரங்கு ஒன்றில் மறுபடி ஸ்டெஃபானைப் பார்க்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போகிறாள். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. பழைய வசனங்களைத் தூசிதட்டி எடுக்கிறான். அவள் வெளியேறுகிறாள். இதற்குள் ரயில் பெட்டியில் டைஃபஸ் தொற்றிக்கொண்ட பிள்ளை சாகிறான். அவளும் அதே நோயில் சாகிறாள். விடியலில் ஸ்டெஃபானுக்காகக் காத்திருப்பவன் அவள் கணவன் என்பது கடைசியில்தான் நமக்குப் புரிகிறது.

2

படத்தின் மூலம் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதி 1922இல் வெளியான குறுநாவல். திரைக்கதை எழுதியவர் ஹோவர்ட் காச். மூலத்துக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசங்களை வெறும் தழுவல் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, ஸ்வைக்கின் கதாநாயகன் எழுத்தாளன். படத்தில் அவன் மேடைக்கலைஞன். எழுத்தாளன் தன் வாசகரைப் பார்ப்பதில்லை. மேடைக்கலைஞனுக்கோ எதிரே ஆள் இருந்தாக வேண்டும். ஆனால் எந்த ஆள் என்பது முக்கியமில்லை. நேற்றைய கூட்டமும் இன்றைய கூட்டமும் அவனுக்கு ஒன்றுதான். ஸ்டெஃபான் பெண்களிடம் நடந்துகொள்வதும் இப்படித்தான். அவன் கொடூரன் இல்லை, பொய்யன் என்றுகூடச் சொல்ல முடியாது. லிசாவோடு இருக்கும் அந்த இரவில் அவன் நிஜமாகவே நெகிழ்ந்துதான் இருக்கிறான். அடுத்த மேடையிலும் அதே மாதிரி நெகிழ்வான் என்பதுதான் விஷயம். அவனுடைய சுயநலத்தைக் குணக்கேடு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோனால் படம் கைநழுவிவிடும். அது தொழிலே பழக்கிவிட்ட மறதி.

இரண்டாவது, ஸ்வைக்கின் பெண்ணுக்குப் பெயரே இல்லை. பிள்ளையை வளர்க்கத் தன்னை விற்றுக்கொள்கிறவள் அவள். கடைசிச் சந்திப்பின் முடிவில், அடையாளம் தெரியாத அவளுடைய கைப்பட்டுறைக்குள் அவன் பணத்தாள்களைச் செருகிவிடுகிறான். படத்தில் அவள் ஒருவரின் மனைவி. 1934 முதல் ஹாலிவுட்டில் இறுக்கமாக அமலான தணிக்கை விதிகள் மணவுறவுக்கு வெளியிலான உறவைக் கவர்ச்சியாகவோ நியாயமாகவோ காட்ட அனுமதிக்காத காலம் அது. பணத்தாள் காணாமல்போனதில் ஒரு கூர்மை போய்விட்டது என்பது உண்மை. ஆனால் ஓபுல்ஸ் அதை வேறு இடங்களில் ஒளித்துவைத்திருக்கிறார். துணிக்கடையில் வாடிக்கையாளர் ஒருவர் லிசாவைப் பற்றி விசாரிக்கிறார். இவள் மற்ற பெண்களைப்போல இல்லை, வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விடுவாள் என்கிறாள் கடை முதலாளியம்மா. அந்த ஒரு வாக்கியத்திலேயே மற்ற பெண்கள் எங்கே போகிறார்கள் என்பதும், உடையோடு சேர்த்து அங்கே வேறென்ன விலைபேசப்படுகிறது என்பதும் வந்துவிடுகிறது.

மூன்றாவதாக, படம் அவளுக்கு ஒரு பெயரைக் கொடுக்கிறது. அந்தப் பெயர் எப்படி, யார் கையால் வெளிவருகிறது என்பதற்குப் பிறகு வருவோம்.

3

கடிதத்தைச் சொல்வது லிசாவின் குரல். அப்படியென்றால் நாம் பார்ப்பதெல்லாம் அவள் பார்த்ததுதானா? இல்லை. கேமரா அவள் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் அவளைவிட அதிகம் பார்க்கிறது. மாடிப்படிக் காட்சியை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம்.

லின்ஸுக்குப் போகும் ரயிலில் ஏறாமல் லிசா ஓடிவருகிறாள். ஸ்டெஃபான் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. மேல்மாடிப் படியில் உட்கார்ந்து விடிய விடியக் காத்திருக்கிறாள். அவன் ஒரு பெண்ணோடு சிரித்தபடி படியேறி வருகிறான். மேலிருந்து, அவளுக்குப் பின்னாலிருந்து கேமரா திரும்பி இதைக் காட்டுகிறது. வருஷங்கள் கழித்து அந்த ஒரே இரவில் லிசாவே அவனோடு படியேறி வருகிறாள். கேமரா அதே மேல்மாடியில், அதே கோணத்தில் நிற்கிறது. ஆனால் இந்தத் தடவை அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் இன்றைக்குப் பார்க்கப்படும் பெண்ணாகிவிட்டாள். வாழ்க்கையின் உச்சம் என்று அவள் நினைக்கும் தருணத்தில், அவள் வரிசையில் இன்னொருத்தி என்று படம் நம்மிடம் சொல்லிவிடுகிறது. அவளுக்கு அது தெரியாது.

இதனால்தான் இந்தப் படத்தைப் பெண்ணின் தியாகத்துக்குப் பாடிய துதி என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவளுடைய கதையாடலுக்குள்ளேயே அதை மறுக்கும் ஒரு பார்வையை ஓபுல்ஸ் வைத்துவிடுகிறார். அதேசமயம் அவர் அவளைக் கேலி செய்வதுமில்லை. இந்த இரண்டும் ஒன்றாக நடப்பதுதான் கடினமான காரியம்.

லோரா மல்வி 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஹாலிவுட் படங்களில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்ற அமைப்பை விளக்கினார். இந்தப் படத்தில் பாதி நேரம் பார்ப்பவள் பெண். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து, ஊஞ்சலில் இருந்து, தெருமுனையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பார்ப்பதனால் அவளுக்கு அதிகாரம் கிடைத்துவிட்டதா என்றால் அதுதான் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் ஒருவிதக் காவல்காரர் வேலைதான். எஜமான் தூங்கலாம், காவலுக்கு நிற்பவர் தூங்க முடியாது.

4

வியன்னாவின் பிராட்டர் பொழுதுபோக்குப் பூங்காவில் நடக்கும் காட்சியைப் பலரும் படத்தின் மிக அழகான காட்சியாகச் சொல்வார்கள். ஒரு பொய் ரயில் பெட்டி. இருவரும் உள்ளே எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தீட்டப்பட்ட திரைகள் ஓடுகின்றன: வெனிஸ், சுவிட்சர்லாந்து. லிசா தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிறாள். அவர் எங்கும் போகாமலேயே வீட்டுக்குள் உட்கார்ந்து உலகம் சுற்றியவர். ஓபுல்ஸ் இதை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தியிருந்தால் அது வெறும் கவிதையாக இருந்திருக்கும். அவர் கேமராவை வெளியே கொண்டுவருகிறார். ஒரு வயசாளி சைக்கிள்மாதிரி ஒன்றை மிதித்துக்கொண்டிருக்கிறார். அவர் மிதித்தால்தான் சுவிட்சர்லாந்து நகரும். டிக்கெட்டுக்குக் காசு வாங்க ஓர் அம்மாள். நாடுகளெல்லாம் தீர்ந்துபோனதும், சரி, சின்ன வயசில் பார்த்த ஊர்களையே மறுபடி பார்க்கலாம் என்று ஸ்டெஃபான் காசு நீட்டுகிறான். கிழவர் மறுபடி மிதிக்கிறார்.

அதற்கப்புறம் நடனம். காதலர்கள் கிறங்கிப்போய் ஆடுகிறார்கள். வாத்தியம் வாசிக்கும் பெண்களோ அலுத்துப்போயிருக்கிறார்கள். கல்யாணமானவங்களுக்கு வாசிக்கறதே மேல், அவங்களுக்காவது போய்ச்சேர வீடுன்னு ஒண்ணு இருக்கு என்கிற ரீதியில் முணுமுணுக்கிறார்கள். கடைசியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயேபோய்விடுகிறார்கள்.

காதலின் ஒவ்வொரு தருணத்துக்கும் பக்கத்தில் அதை ஓட்டுவதற்காக உழைக்கும் ஓர் ஆளை ஓபுல்ஸ் நிறுத்திவிடுகிறார். ஸ்டெஃபானின் பியானோவைச் சுமந்து ஏற்றும் கூலியாட்கள், விரிப்புகளை முற்றத்தில் போட்டு அடிக்கும் நாளில் வேலை செய்கிறவர்கள், ரயிலை மிதிக்கும் கிழவர். சிறுமி லிசா அவன் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைவதே ஜானுக்கு விரிப்பு தூக்க உதவி செய்யும் சாக்கில்தான். அவளுடைய பக்தி இந்த வேலைகளின் வரிசையில் வருவது. நடனம் கற்றுக்கொள்கிறாள், நூலகத்தில் இசைமேதைகளின் வரலாறு படிக்கிறாள், அவன் ரசனைக்கு ஏற்றாற்போலத் தன்னைத் தயார்செய்துகொள்கிறாள். கூலி இல்லை, வேலை என்ற பெயரும் இல்லை. அவன் மறக்க முடிவது இவர்கள் எல்லோரும் வேலை செய்துகொண்டிருப்பதால்தான். அவன் வீட்டில் எது எங்கே இருக்கிறது, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள ஜான் இருக்கும்போது அவனுக்கு எதற்கு ஞாபகம்?

5

லிசாவை வெறும் பலியாடாகச் சித்திரிப்பதும் சரியாகாது. உன்னிடம் எதையும் கேட்காத ஒரே பெண்ணாக இருக்க விரும்பினேன் என்பதுபோல் எழுதுகிறாள். இதில் அன்பு மட்டுமா இருக்கிறது? ஒரு பிடிவாதம் இருக்கிறது, கொஞ்சம் அகம்பாவம்கூட இருக்கிறது. மற்ற பெண்களைவிட ஒருபடி மேலே நிற்பதற்கான வழியாகக் கேளாமையை அவள் தேர்ந்தெடுக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறுமாதிரி ஆகியிருக்கும். உனக்கென்று மனவலிமை உண்டு, உன்னால் தவிர்க்க முடியும் என்று கணவர் சொல்லும்போது, எனக்கு அவன் விருப்பத்தைத் தவிர வேறு விருப்பமே இருந்ததில்லை என்கிறாள். விதி என்று அவள் சொல்லும் இடங்களிலெல்லாம் ஒரு தேர்வு நடந்திருப்பதைப் படம் காட்டிக்கொண்டே போகிறது. பிள்ளையை வேறு பெட்டிக்கு மாற்றாமல் இருந்திருந்தால், நோயாளி இறக்கப்பட்ட அந்தப் பெட்டிக்குள் அவன் ஏறாமல் இருந்திருந்தால் என்று நாம் தவிக்கும்போதே ரயில் கிளம்பிவிடுகிறது. இரண்டே வாரம்தானே என்று பிள்ளை ஜன்னலிலிருந்து சொல்கிறான். தகப்பன் சொன்ன அதே இரண்டு வாரம்.

உயிரோடு இருந்தவரை கேட்காதவள், செத்தபிறகு ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுகிறாள்: அவனுடைய ஓர் இரவு முழுவதையும். எல்லோரையும் தன் ரசிகராக உட்காரவைத்தவன் அன்றைக்குத்தான் ரசிகனாக உட்காருகிறான். எழுந்துபோகவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. படித்து முடிக்கும்போது தப்பியோடுவதற்கான நேரம் கடந்துவிட்டிருக்கிறது. அந்த வகையில் கடிதம் அவனைக் கொல்கிறது. எழுத்துக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

தானியா மோட்லெஸ்கி 1984இல் எழுதிய கட்டுரையில், பெண்ணுக்கே உரியதென்று சொல்லப்பட்ட ஹிஸ்டீரியா இந்தப் படத்தில் ஆணிடம் இடம்பெயர்ந்திருப்பதாக வாசித்தார். ஸ்டான்லி கவெல் 1996இல் வெளியான தன் நூலில், அறியப்படாமல்போன பெண்களின் படங்கள் என்று ஒரு வகையையே இதை வைத்து உருவாக்கிக்கொண்டார். இருவரின் வாசிப்பும் நமக்கு உதவுகிறது. ஆனால் லிசா, ஸ்டெஃபான் என்ற இருவருக்குள்ளேயே பேச்சு சுற்றிக்கொண்டிருந்தால் மூன்றாவதாக ஒருவர் விடுபட்டுப்போகிறார்.

6

கடிதம் முடிவதில்லை, பாதியில் நிற்கிறது. அவள் இறந்துவிட்டதாக மருத்துவமனையிலிருந்து குறிப்பு. ஸ்டெஃபான் நிமிர்ந்து ஜானைப் பார்க்கிறான். உனக்கு அவளை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறான். ஜான் தலையாட்டுகிறார். பிறகு ஒரு பேனாவை எடுத்துக் காகிதத்தில் எழுதுகிறார்: லிசா பெர்ன்ட்லே.

பேச முடியாதவர் எழுதுகிறார். வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த சிறுமியை அன்று பார்த்தவர் அவர். எஜமானனின் படுக்கையில் இருந்தவள் எஜமானனின் ஞாபகத்தில் இல்லை. வேலைக்காரரின் ஞாபகத்தில் இருக்கிறாள், அதுவும் முழுப்பெயரோடு. வருஷக்கணக்கில் அந்த வீட்டில் அவளைத் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஸ்டெஃபான் தன் வாழ்க்கையில் ஒரு முறையாவது ஜானிடம் பேச்சுக்கொடுத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்று நினைக்கத் தோன்றுகிறது.

இங்கே படத்துக்கு வெளியே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஜானாக நடித்தவர் ஆர்ட் ஸ்மித். 1930களில் நியூயார்க்கின் குரூப் தியேட்டரில் இருந்த இடதுசாரி நடிகர். அதே குழுவில் இருந்த இயக்குநர் எலியா கசான் 1952 ஏப்ரலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்து, தன்னோடு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னார். அதில் ஆர்ட் ஸ்மித் பெயரும் ஒன்று. அதோடு ஹாலிவுட் அவருக்குக் கதவைச் சாத்தியது. 1957இல் பிராட்வே மேடையில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் கடைக்காரர் டாக்காக அவர் நடித்தார். திரைக்கதை எழுதிய ஹோவர்ட் காச்சையும் கறுப்புப் பட்டியல் விட்டுவைக்கவில்லை. ஒருவர் பெயரை ஞாபகம் வைத்திருப்பது என்பது இரண்டு விதமாகவும் பயன்படக்கூடியது. காகிதத்தில் ஒரு பெயரை எழுதி அந்த மனுஷியை இந்த உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கவும் முடியும். ஒரு பெயரைச் சொல்லி அந்த மனுஷனை உலகத்திலிருந்து அப்புறப்படுத்தவும் முடியும். முதலாவதை நடித்துக் காட்டியவருக்கு நாலு வருஷத்தில் இரண்டாவது நேர்ந்தது.

இயக்குநரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1902இல் ஜெர்மனியின் சார்ப்ருக்கனில் பிறந்த யூதரான ஓபுல்ஸ் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். பிரான்ஸும் நாஜிகள் வசமானபின் 1941இல் அமெரிக்கா வந்து, வருஷக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தார். வியன்னாவில் 1881இல் பிறந்த ஸ்வைக் 1934இல் ஆஸ்திரியாவை விட்டுப் போய், 1942இல் பிரேசிலில் தற்கொலை செய்துகொண்டார். ஒளிப்பதிவாளர் ஃபிரான்ஸ் பிளானரும் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தவர்தான். இந்தப் படத்தின் வியன்னா ஹாலிவுட் ஸ்டுடியோவில் மரமும் அட்டையுமாகக் கட்டப்பட்டது. இந்த மாதிரி மனிதர்களை அந்த நகரம் 1938க்குப் பிறகு துரத்தியடித்து, பெயரையும் அழித்தது. அதை அதன் தெருவிளக்குகளோடும் மாடிப்படிகளோடும் ஞாபகம் வைத்திருந்தவர்கள் துரத்தப்பட்டவர்கள்தான். ஒருதலைப்பட்சமான விசுவாசம் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியானபோது அமெரிக்காவில் படத்தைப் பெரிதாக யாரும் சட்டைசெய்யவில்லை. 1992இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. 2004இல் சீன இயக்குநர் ஷு ஜிங்லெய் அதே குறுநாவலைப் பீஜிங்கில் நடப்பதாக மாற்றி எடுத்து, தானே நடித்தார். கடிதம் இன்னும் பலர் கைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் இந்தப் படத்தை லிசாவின் கண்ணீர்க்கதையாக மட்டும் பார்த்துவிட்டுப் போவது நமக்கு வசதியாக இருக்கும். ஏனென்றால் நம்மில் பலரும் ஏதோ ஒரு நேரத்தில் ஸ்டெஃபான் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மேடையில் நாம் பேசுகிறோம், புத்தகத்தில் நம் பெயர் இருக்கிறது. நாற்காலி போட்டவர், படியெடுத்துக் கொடுத்தவர், இரவு வெகுநேரம் கழித்து வந்தவர்களுக்குச் சோறு போட்டவர் எல்லாம் யார்? “அவங்க பேர் என்ன, நல்லாத் தெரியும், வாயில வரல” என்போம். கடைசிக் காட்சியில் ஸ்டெஃபான் தன் எதிரே நிற்கும் பணியாளரைத்தான் கேட்கிறான். அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு ஓர் ஆயுள் ஆயிற்று. விடிந்துவிட்டது. வாசலில் வண்டி காத்திருக்கிறது. கிளம்பும்போது கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்க்கிறான். கதவைத் திறந்து பிடித்தபடி ஒரு சிறுமி நிற்பது ஒரு கணம் தெரிகிறது. அன்றைக்கும் அவள் அங்கேதான் நின்றிருந்தாள்.